ஐந்தாவது பெட்டியின் சூடு

ஐந்தாவது பெட்டி மட்டும் சூடாக இருந்தது.

சூடு என்றால் கையைச் சுடுகிற சூடு இல்லை. தூங்கி எழுந்த குழந்தையின் கழுத்தடியில் கை வைத்தால் இருக்குமே, அந்தச் சூடு. பாய்லரம்மா இடது கையை வைத்துப் பார்த்தாள். வலது கையை வைத்துப் பார்த்தாள். நம்பாமல் கன்னத்தையும் வைத்துப் பார்த்தாள். தகரக் கொட்டகையின் வடக்கு மூலை அது. வெயில் வழி தவறிக்கூட எட்டிப் பார்க்காத இடம். பக்கத்தில் வரிசையாக நின்ற மற்ற நான்கு தேனீப் பெட்டிகளும் கிணற்றடிக் கல்லைப் போலச் சில்லிட்டிருந்தன. இரண்டு வருடமாக உயிருள்ள தேனீ ஒன்று நுழையாத பழைய பெட்டிக்கு எதற்குச் சூடு?

"ஏங்க, இங்க வந்து கை வைங்க."

"எதுல?"

"பெட்டில."

அவள் கணவர் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடும். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் அவளைக் கிண்டலில் ஓட்டுவதோடு சரி என்றாலும் பட்டம் நிலைத்துவிட்டது. "ஓடுற இன்ஜின் மேலயே கை வெச்சவன் நான், காலி பெட்டிய காட்டி…" என்று ஆரம்பித்தவர் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

"என்னடி இது. இப்பதான் ஓடி வந்து நின்ன வண்டி மாதிரி இருக்கு."

பாய்லரம்மா இடுப்பில் சொருகியிருந்த தெர்மாமீட்டரை எடுத்துப் பெட்டியின் வாசலில் நுழைத்தாள். இடுப்பில் தெர்மாமீட்டர் எதற்கென்று கேட்பவர்கள் அவளை அறியாதவர்கள். முப்பத்துநான்கு வருடம் பெரிய ஆஸ்பத்திரியில், கத்தியும் கத்தரியும் இடுக்கியும் கொதிநீராவியில் வெந்து சுத்தமாகும் அறையை ஆண்டவள் அவள். ஆண்டவள் என்பதுதான் சரியான சொல். அவள் தாழ்வாரத்தில் நடந்து வந்தால் சுவரில் ஒட்டியிருக்கும் கிருமிகள் கும்பலாக ராஜினாமா எழுதிவைத்துவிட்டு ஓடும் என்று டாக்டர்களே சொல்வார்கள். ஒரு டாக்டர் அவளுக்குப் பயந்து கல்யாண மோதிரத்தைக் கழற்றி வேகவைக்கக் கொடுத்தார். அது திரும்பி வந்த பளபளப்பைப் பார்த்து, இது எவள் கொடுத்த மோதிரம் என்று வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்ததாம். பாய்லரம்மா என்ற பெயர் அங்கே வைத்ததுதான். சொந்தப் பெயரைப் பென்ஷன் புத்தகத்தில் பார்த்தால் அவளே யாரென்று ஒரு நொடி யோசிப்பாள்.

தெர்மாமீட்டர் முப்பத்தைந்து டிகிரி காட்டியது.

முப்பத்தைந்து. அந்த எண் அவளுக்குத் தெரியும். தேனீக்கள் புழு வளர்க்கும்போது கூட்டின் நடுவில் காக்கிற சூடு. வெளியே மழை அடித்தாலும் வெயில் கொளுத்தினாலும், உடம்பை உதறிச் சூடேற்றி, சிறகை விசிறிச் சூடு தணித்து, ஒரு டிகிரி ஏறாமல் இறங்காமல் அவை காப்பாற்றும் சூடு. ஆனால் இங்கே காப்பாற்ற யாரும் இல்லை.

"தெர்மாமீட்டருக்கு வயசாயிடுச்சு" என்றாள்.

"எனக்கும்தான் ஆயிடுச்சு. நான் சொல்ற சூட்ட நீ நம்பறதே இல்ல."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு நேரமும் இல்லை. கொட்டகைக்கு வெளியே, மரத்தடியில் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. அதற்குள் இரண்டு நாளாகப் பட்டினி கிடந்தது அவளுடைய கடைசித் தேனீக் கூட்டம். ஒன்பது கூட்டம் வைத்திருந்தாள். புழு அழுகல் நோய் வந்து எட்டுப் போயிற்று. பெட்டி, உள்ளே தொங்கும் மரச்சட்டம், அதில் கட்டிய தேனடை எல்லாவற்றையும் குழி வெட்டி எரித்து மூடினாள். அன்று அழாதவள், மறுநாள் ஒரு டீ கிளாஸ் உடைந்ததற்கு அரை நாள் அழுதாள். மிஞ்சிய ஒன்றை, வயிற்றில் இருக்கும் நோய்த்தேன் தீரட்டும் என்று அடையில்லாத அட்டைப் பெட்டியில் உதறிப் போட்டிருந்தாள். தேனீத் துறை ஆபீசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: நாளைச் சாயங்காலம் வருவேன், சுத்தமான மரப்பெட்டியில் கூட்டம் இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் மருந்தடித்து முடித்துவிடுவேன்.

பழைய பெட்டி வாங்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அந்த ஆபீசர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அம்மா, அடுத்தவங்க பெட்டிய வாங்கறது, அடுத்தவங்க சளிய கைக்குட்டையோட சேத்து வாங்கற மாதிரி."

"நான் கழுவினா கைக்குட்டையே மிஞ்சாது தம்பி. சளி எங்க இருந்து வரும்?"

அப்படி மார்தட்டிவிட்டு, போன வருடம் செத்துப்போன ஒரு தேன்காரரின் தம்பியிடம் போய் நான்கு பெட்டி கேட்டாள். அவள் கேட்காமலே தம்பிக்காரன் ஐந்தாவதையும் கொண்டுவந்தான். கைகளில் துண்டைச் சுற்றிக்கொண்டு தூக்கி வந்தான். வண்டி கிளம்பும்போது கும்பிட்டான். என்னைக் கும்பிட்டானா பெட்டியைக் கும்பிட்டானா என்று டிரைவருக்கு இன்றுவரை சந்தேகம்.

வீட்டில் வந்து தட்டிப் பார்த்தால் அந்த நான்கும் வெறும் பெயருக்குத்தான் பெட்டி. கரையான் தின்ற மரம். சுரண்டியை வைத்ததும் ரொட்டித்தூளாக உதிர்ந்தது. ஐந்தாவது மட்டும் இரும்பு போல இருந்தது. ஆக, இதுதான். இது இல்லாவிட்டால் கூட்டம் இல்லை.

"சூடா இருந்தா என்ன, ஆற வெச்சிடலாம்" என்று சொல்லி மூடியைத் திறந்தாள்.

உள்ளே பத்துச் சட்டங்கள். எல்லாவற்றிலும் அடை, அடை நிறையத் தேன், தேனுக்கு மேல் வெள்ளை மெழுகு மூடி. பட்டினியில் செத்த கூட்டம் இல்லை. தீக்குச்சியை அடையின் ஓர் அறைக்குள் விட்டு இழுத்துப் பார்த்தாள். அழுகல் நோய் இருந்தால் கோந்து போல நூல் வரும். நூல் வரவில்லை. நோயும் இல்லை. செத்த தேனீக்கள் மட்டும் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கிடந்தன. வண்டிக்காரன் குலுக்கியதில் சிதறிக் கிடக்க வேண்டியவை. சிதறவில்லை. கடைசி ஈ வரை அத்தனை தலைகளும் ஒரே மூலையைப் பார்த்திருந்தன. ஒவ்வொன்றின் பின்னங்காலிலும் அரிசி நுனி அளவுக்குப் பிசின் உருண்டை ஒட்டியிருந்தது. மரங்களிலிருந்து தேனீக்கள் சேர்த்து வந்து, கூட்டின் சந்து பொந்தெல்லாம் அடைக்கும் பிசின். வேலை செய்துகொண்டே செத்திருக்கின்றன.

அவற்றை அள்ளிக் கொட்டிவிட்டு மூலையைப் பார்த்தாள்.

குழந்தைத் தலை அளவுக்கு ஓர் உருண்டை. முழுக்கப் பிசின். கருஞ்சிவப்பாக, மினுமினுவென்று, அடுக்கு அடுக்காக. அவள் வைத்திருந்த ஒன்பது கூட்டமும் ஒன்பது வருடம் சேர்த்தாலும் அதில் பாதி தேறாது.

"எலி" என்றாள்.

"அவ்ளோ பெரிய எலியா?"

"எலி உள்ள புகுந்தா தேனீங்க கொட்டிக் கொன்னுடும். கொன்னத இழுத்து வெளிய போட முடியாதுல்ல. அதனால பிசின் பூசி மூடிடும். அழுகாது, நாறாது, வருஷக்கணக்கா அப்படியே இருக்கும். நாம கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே அதுங்க கண்டுபிடிச்ச வேலை."

"அப்ப எலிய தூங்க விடு."

"என் பெட்டில செத்த எலியா?"

அந்தக் கேள்வியோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிசின் குளிரில் கண்ணாடி போலத் தெறிக்கும், சூட்டில் மிட்டாய் போல இழுக்கும். இந்தப் பெட்டி இருந்த சூட்டில் அது இழுத்தது. சுரண்டியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து, பால் பவுடர் டின் ஒன்றில் போட்டாள். மருந்துக்காரர்கள் கேட்டு வாங்கும் பொருள், எறிவாளா. மூக்கில் கட்டியிருந்த துணி மூக்குக்கண்ணாடியில் மூச்சைப் படியவைத்து உபத்திரவம் செய்தது. கழற்றி எறிந்தாள். முப்பத்துநான்கு வருடத்தில் தன் அறையில் ஒருத்தியையும் செய்யவிடாத காரியம் அது.

பழைய ஆஸ்பத்திரி டிங்க்சரும் மரப்பட்டையும் கலந்த வாசனை கொட்டகையை நிறைத்தது. ஓர் அடுக்கு. இன்னோர் அடுக்கு. விரல் தடிமன். கை தடிமன். பிறகு சுரண்டி தடையில்லாமல் உள்ளே போனது.

உருண்டைக்குள் ஒன்றும் இல்லை.

எலி இல்லை, ஓணான் இல்லை, எலும்பு இல்லை, ஒரு மயிர் இல்லை. வெறும் குழி. குழியின் உள்சுவர் நாக்கால் நக்கி நக்கித் தேய்த்தது போல வழவழவென்று இருந்தது. அதில் நீளநீளமாகக் கோடுகள். உள்ளேயிருந்து வெளியே கீறிய கோடுகள். நன்றாகப் பார்க்க முகத்தை நெருக்கிக் குனிந்தாள்.

ஹா என்று ஒரு காற்று அவள் முகத்தில் அடித்தது. வெகுநேரம் மூச்சடக்கி இருந்த ஒருவர் விடுகிற மூச்சு. இளஞ்சூடாக, ஈரமாக. அவள் அப்போது மூச்சை உள்ளிழுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தும்மல். அவ்வளவுதான்.

"பாத்தீங்களா, உள்ள கேஸ் சேந்திருக்கு" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே பெட்டியில் கை வைத்தாள். மரம் சில்லென்று இருந்தது. "ஆறிடுச்சு. உங்க இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சு."

அன்று மாலைவரை அவள் செய்த சுத்தத்தைப் பார்த்திருந்தால் சூரியனே வெட்கப்பட்டுக் கொஞ்சம் முன்னதாக மறைந்திருக்கும். சட்டங்களைச் சலவைச் சோடா போட்டுக் கொதித்த தண்ணீரில் அமுக்கி எடுத்தாள். பெட்டியின் உள்சுவரைக் கேஸ் டார்ச்சின் நீல நாக்கால் இஞ்ச் இஞ்சாகத் தடவினாள். மரம் முதலில் வியர்த்தது, பிறகு மீந்துபோன மெழுகு பொரிந்தது, பிறகு பலகை முழுக்க ஒரே சீராகக் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்தது. மூலைகளில் இரண்டு தடவை. அந்த மூலையில் ஐந்து தடவை. கணவர் டீயோடு வந்து, போதும்டி, பெட்டி கண்ணீர் விடுது என்றார். ஐந்து மணிக்கு வாசலில் ஒரு பலகையைச் சாய்த்து, அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். தேனீக்கள் குவியலாக விழுந்து, ஒரு நிமிடம் மலைத்து, பிறகு பலகையில் ஏறி ஊர்வலமாகப் புதுவீட்டுக்குள் நடந்தன. பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. கொஞ்சம் சூடாகவும் இருந்தது.

கடைசி நூறு தேனீக்கள் உள்ளே போகவில்லை. வாசலில் திரும்பி நின்றன. அவளைப் பார்த்தபடி.

மறுநாள் காலை பெட்டியைத் திறக்காமலே, குந்தி உட்கார்ந்து வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள். காவலுக்கு ஏழெட்டுத் தேனீக்கள் நின்றன. "என்னம்மா, வீடு பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

கேட்கிற மூச்சு பட்டதும் அத்தனையும் உதிர்ந்தன. கொட்டை உதிர்வது போல, பொட்டுப் பொட்டென்று.

உள்ளேயிருந்து வேறு ஏழெட்டு வந்து அந்த இடத்தில் நின்றன. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். நகர்ந்த தூரத்தில் நின்று மெல்ல மூச்சுவிட்டாள். அவளுக்கும் பெட்டிக்கும் நடுவே பறந்துகொண்டிருந்த தேனீ ஒன்று நேராகத் தரையில் விழுந்து, காலை மடக்கிக்கொண்டது.

தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தாள். முப்பத்தைந்து. உதறிவிட்டு வாயில் வைத்தாள். முப்பத்தைந்து. மனித உடம்புக்கு முப்பத்தேழு இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்தோடு வருகிறவர்கள் பல் கிட்டி நடுங்குவார்கள். கம்பளி போர்த்தி, பாட்டிலில் வெந்நீர் கட்டுவார்கள். அவளுக்கோ நெஞ்சுக்குள் அடுப்பு வைத்தது போல வெக்கை.

"பழைய தெர்மாமீட்டர்னு நீதான சொன்ன" என்றார் டிரைவர். சொன்னவர் முகத்தில் கிண்டல் பாதிதான் இருந்தது.

"தள்ளி நின்னு பேசுங்க."

"ஏன்?"

"பல்லு விளக்கல."

அவள் தோற்கப் பிறந்தவள் இல்லை. ஓர் அண்டா தண்ணீர் கொதிக்கவைத்து, கொட்டகைக்குள் கொண்டுபோய், தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்தாள். உன்னை மாதிரி எத்தனை பேரை வேகவைத்திருக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, தோல் சிவக்கச் சிவக்க, கண்ணீரும் வியர்வையும் அண்டாவில் சொட்டச் சொட்டக் குனிந்திருந்தாள். போர்வைக்குள் இருட்டும் வெந்நீரின் முணுமுணுப்பும் டிங்க்சர் வாசனையும். எங்கிருந்து டிங்க்சர் வாசனை? அவள் உதட்டை இறுக்க மூடியிருந்தாள். மூக்கால்தான் இழுத்தாள். அது நன்றாக நினைவிருக்கிறது. பல்லோடு பல் சேர்ந்திருந்தது அவளுக்கே தெரிந்தது.

கொதி அடங்கித் தண்ணீர் சமனானது. மேலே போர்வை ஓட்டை வழியாக ஒரு கோடு வெளிச்சம். அதில் அவள் முகம் தெரிந்தது.

வாய் திறந்திருந்தது.

தாடை எவ்வளவு இறங்குமோ அவ்வளவும் இறங்கி, அண்டாவைப் பார்த்து அகலமாகத் திறந்திருந்தது. கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். விரல் உதட்டில் படவில்லை. உள்ளே போனது.

போர்வையை உதறி எழுந்தாள். இரண்டு கையாலும் தாடையைத் தள்ளி மூடினாள். பயமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபமாக இருந்தது. தன் வாயைத் தன்னைக் கேட்காமல் திறப்பதா?

நாற்காலியைக் கொட்டகை வாசலில் போட்டு உட்கார்ந்தபோதுதான் முதல் தேனீ வந்தது. கொட்ட வருகிற தேனீயின் சத்தம் அவளுக்குத் தெரியும். இது அந்தச் சத்தம் இல்லை. மேலுதட்டில் இறங்கியது. பின்னங்காலிலிருந்து எதையோ எடுத்து, மூக்கின் விளிம்பில் ஒட்டி, முன்னங்காலால் தட்டிச் சமப்படுத்திவிட்டுப் பறந்தது. விரலால் எடுத்துப் பார்த்தாள். ஒரு துளிப் பிசின்.

துடைத்தாள். இன்னொன்று வந்தது. துடைத்தாள். மூன்று வந்தன. வந்தவற்றில் பாதி, திரும்பிப் பறக்காமல் அவள் மடியில் விழுந்து செத்தன. செத்தவற்றின் இடத்துக்கு வேறு வந்தன. பூவுக்கு ஒன்றும் போகவில்லை. தேனுக்கு ஒன்றும் போகவில்லை. கூட்டம் முழுவதும் மரத்துக்கும் அவளுக்கும் மாறி மாறிப் பறந்தது. தரையில் செத்தவை குவிந்தன. இப்படியே போனால் ஆபீசர் வந்து மருந்தடிக்க வேண்டிய வேலையே இருக்காது.

அப்போது புரிந்தது. தேன் நிறைந்த வீட்டில், காலில் பிசினோடு, ஒரே மூலையைப் பார்த்தபடி செத்துக் கிடந்த கூட்டம். உள்ளே இருந்ததை மூடிக்கொண்டே செத்திருக்கின்றன. கடைசி அடுக்கைப் பூசி முடித்துவிட்டுச் செத்திருக்கின்றன. ஊரில் எந்த முட்டாளும் அதைத் தொட்டிருக்க மாட்டான். தொடுவதற்கு ஒரு சுத்தக்காரி வேண்டியிருந்தது.

எழுந்து வெளிக் கேட்டுவரை நடந்தாள். கூட்டத்தைவிட்டுத் தூரமாகப் போய்விடலாம். பத்து அடியில் தொண்டை இறுகியது. இருபது அடியில் இருமல் வந்தது. கேட்டில் கைவைத்தபோது, நாக்குக்கு அடியில் இன்னொரு நாக்கு புரண்டது. அது அவளுடையது இல்லை. பல்லின் பின்புறத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. எது ஆடுகிறது என்று பார்ப்பது போல.

அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிய, நீளமான ரீங்காரம். கொட்டகைப் பக்கம் ஒரு கை மணலை வீசியது போலத் தேனீக்கள் உதிர்ந்தன.

வெளியே விட்டால் அது நேராக எங்கே போகும் என்று அவளுக்குச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. முப்பத்தைந்து டிகிரி காக்கிற வீடு இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுதான் மிச்சம், அவளுடைய கடைசிக் கூட்டம்.

திரும்பி வந்தாள்.

"ஏங்க."

"என்னடி, முகமெல்லாம் ஒரு மாதிரி…"

"கிட்ட வராதீங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. அந்த ஆபீசர் நாலு மணி பஸ்ல வருவாரு. பிடிச்சு வெச்சுப் பேசிட்டு இருங்க. ஒரு மணி நேரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

"என்ன பேசறது?"

"நீங்க பிரேக் இல்லாம மலை இறங்கின கதைய சொல்லுங்க. அதுக்கே ஒரு மணி நேரம் ஆகும்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடம் கண்ணாடியில் பின்னால் பார்த்தே வண்டி ஓட்டியவர். "திரும்பி வரும்போது நீ இருப்பல்ல?" என்றார்.

"எங்க போகப் போறேன். பென்ஷன் யாரு வாங்கறது."

அவர் போனார். மூன்று முறை திரும்பிப் பார்த்தார். மூன்று முறையும் அவள் போ என்று கையை ஆட்டினாள்.

பால் பவுடர் டின்னை எடுத்துவந்தாள். நேற்றுச் சுரண்டிய பிசின் முழுக்க அதில் இருந்தது. வெயிலில் வைத்தாள். இளகியது. தேனீக்கள் மரம் தேடி அலைய வேண்டாம். நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டாள். டின்னை மடியில் வைத்தாள். கால் இரண்டையும் ஊன்றினாள்.

"திறந்தது நான்தான்" என்றாள். "மூடறதும் நான்தான்."

பிறகு வாயை மூடினாள்.

வந்தன.

முதலில் உதடு. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை, தையல் போட்டது போல. கூசியது. சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. ஓர் அடுக்கு. அதன்மேல் இன்னோர் அடுக்கு. காது. உலகத்தின் சத்தம் குறைந்தது. உள்ளே இருந்த சத்தம் கூடியது. ரீங்காரம். பல்லுக்குப் பின்னால் அந்த நாக்கின் தடவல். கன்னத்தின் உள்பக்கம் ஒரு நகம். நீளமாக ஒரு கோடு. இன்னொரு கோடு. வலித்தது. பல்லைக் கடித்தாள்.

கீறு. நன்றாகக் கீறு.

வலது மூக்கு அடைந்தது. வலது கண் அடைந்தது. இடது கண்ணில் இன்னும் வெளிச்சம். இடது மூக்கில் ஒரு துளை மிச்சம். ஒரே ஒரு தேனீ நுழையும் அளவு. பலமான கூட்டம் தன் வாசலை அப்படித்தான் சுருக்கும். காற்றுக்கு மட்டும் வழி விட்டு.

மடியில் ஒரு தேனீயும் விழவில்லை. பத்து நிமிடம். அரை மணி. ஒன்றும் விழவில்லை. பெட்டி வாசலில் முதல் தேனீ மகரந்தத்தோடு வந்து இறங்கியது. மஞ்சளாக, இரண்டு காலிலும்.

கேட் திறந்தது. பிசினைத் தாண்டி எங்கோ தூரத்தில் கேட்டது. பேச்சுக் குரல். டிரைவர் கதையில் இன்னும் மலைப்பாதையின் பாதியில் இருந்தார். ஆபீசர் பழக்கதோஷத்தில் நேராகப் பெட்டிக்குப் போனார். மூடியைத் தூக்கினார். மூலையில் விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார்.

"இவ்ளோ சுத்தமான பெட்டிய நான் பாத்ததில்லம்மா. கூட்டம் பொழச்சிடும்" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார். நாற்காலியைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

பொழச்சிடும். அவள் அதைக் கேட்டாள். இரண்டு காதிலும் பிசின் இருந்தும் கேட்டாள்.

"பாய்லரு." டிரைவர் ஓடிவந்தார். மண்டியிட்டார். "என்ன பண்ணி வெச்சிருக்க. என்னடி இது. மூச்சு விடு. நான் எடுத்துடறேன். இரு. எடுத்துடறேன்." கட்டைவிரல் நகம் அவள் உதட்டோரத்தில் பிசினைத் தேடியது.

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். சூடான இரும்புத் தட்டுகளை வெறுங்கையால் தூக்கிய பிடி. எலும்பு நெரிந்தது. அவர் கத்தினார். அவள் விடவில்லை. ஒற்றைக் கண்ணால் அவரை முறைத்தாள். நாற்பது வருடமாக அந்த முறைப்புக்கு அவர் அடங்காத நாள் இல்லை.

உள்ளே எல்லாம் நின்றது. தடவல் இல்லை. நகம் இல்லை. அதுவும் அவர் குரலைக் கேட்டிருந்தது.

இடது மூக்கின் துளையில் ஒரு காவல் தேனீ வந்து நின்றது. மூக்கு நுனிக்கு மேலாக அவளுக்கு அது தெரிந்தது. காவல் தேனீ வெளியே பார்த்து நிற்கும். இது உள்ளே பார்த்து நின்றது. உணர்கொம்பு இரண்டும் முன்னால் நீண்டிருந்தன. பிறகு ஒன்று மடங்கியது. பிறகு மற்றொன்று.

தேனீ ஓர் அடி பின்னால் வைத்தது.

இன்னோர் அடி.

பாய்லரம்மா மூச்சை நிறுத்தினாள். மிச்சமிருந்த பிடியையெல்லாம் தாடைக்குக் கொண்டுவந்தாள். துளைக்குள்ளிருந்து, பிசின் போலக் கருஞ்சிவப்பாக, ஈரமாக, ஒரு நாக்கின் நுனி வெளியே வந்து, காற்று எந்தப் பக்கம் சூடாக இருக்கிறது என்று மெல்ல மெல்லத் தடவிப் பார்த்தது.